இருபத்திரண்டு தென்னைகளும் ஓர் அடிமரமும்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குப் புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து இருபத்து நாலு மைல்தான். ஆனால் எங்கள் ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. என் சாமான்கள்: வர்ணப் பெட்டி, காகிதக் கட்டு, ஒரு மடக்கு நாற்காலி, எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையிலிருந்து கெஞ்சி வாங்கிய ஒரு சிறு கூடாரம்.

திருச்சியில் பன்னிரண்டு வருஷமாகப் பையன்களுக்குப் பானையும் பூசணிக்காயும் வரையச் சொல்லிக்கொடுக்கும் டிராயிங் மாஸ்டர் நான். 1934 மாசியில் ஒரு வாரம் லீவு கிடைத்ததும், கடற்கரையில் கூடாரம் அடித்து, வெட்டவெளியில் உட்கார்ந்து இயற்கைக் காட்சிகள் எழுதுவது என்று கிளம்பிவிட்டேன். மனிதர்களை நான் எழுதுவதில்லை. ஒருமுறை எங்கள் தலைமையாசிரியரை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. மரங்களுக்கு அந்தக் கோபமெல்லாம் வராது.

ஸ்டேஷன் வாசலில் புஷ்வண்டிகள் நின்றன. மூன்று சக்கரம். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார். முன்னால் இருக்கும் பிடியைத் திருப்பி வண்டியை ஓட்டுவது சவாரிக்காரர் பொறுப்பு.

“எங்க போவணும் முசே?” என்றார் வண்டிக்காரர். பிரெஞ்சு ஊரான இங்கே கால்சட்டை போட்டவரெல்லாம் முசேதான். பெரிய மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து தெற்கே கடற்கரைக்கு என்றேன். இரண்டு பணம் கேட்டார். நம்மூர்க் கணக்கில் நாலணா.

“கைய ஆட்டாதீங்க முசே, வண்டி சாக்கடையப் பாக்குது!” என்று அவர் இரண்டு தடவை கத்தியும் மூன்றாம் தடவை சாக்கடைக்குள் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டேன். மார்க்கெட்டில் அரிசி, வெங்காயம், மெழுகுவத்தி, முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணி. வம்பாக்கீரப்பாளையத்து மீனவர் குடிசைகளைத் தாண்டினால் ஆறு கடலில் கலக்கிற இடம். கரையில் இளம் தென்னந்தோப்பு ஒன்று. உள்ளே ஓட்டு வீடு. வீட்டுக்காரி ஜோசபின் அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கூடாரம் போட இடம் கேட்டேன். என்னையும் நாற்காலியையும் மேலும் கீழும் பார்த்தார்.

“போட்டுக்குங்க மாஸ்டர். அடுப்ப மட்டும் மரத்துக்கிட்ட மூட்டாதீங்க. வேர் வெந்துடும்.”

புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். கடலோரத்தில் படம் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காற்று காகிதத்தைத் தூக்குகிறது. வர்ணத்தில் மணல் விழுகிறது. ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய்வதற்குள் வெயில் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆனாலும் எட்டரை மணிக்கு ஒரு படம் தேறிவிட்டது. தோப்பு, அதற்கு அப்பால் கடல், தூரத்தில் கப்பலேறுகிறவர்களுக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஜோசபின் அம்மாள் காபி கொண்டுவந்தார். படத்துக்கு மேலே, தொடாமல், அவர் விரல் மரம் மரமாக நகர்ந்தது.

“பதினாலுதான் இருக்குது. மீதி எங்க?”

படத்தில் நெரிசல் கூடாது, கண்ணுக்கு இடம் விட வேண்டும், அதனால் சில மரங்களை விட்டுவிட்டேன் என்று வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன்.

“நீங்க விட்டுட்டீங்க. பாக்கறவரு வெட்டிட்டாங்கன்னு நெனைப்பாரே!” என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய கணவர் சைகோனில் சுங்க ஆபீஸ் குமாஸ்தா. ஏழு வருஷத்துக்கு முன்னால், கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம், இருபத்துமூன்று தென்னம்பிள்ளைகளைத் தன் கையால் வைத்துவிட்டுப் போனவர். போன ஐப்பசிப் புயலில் ஒன்று முறிந்தது. ஊரிலிருந்து சைகோன் போன யாரோ, தோப்பே போய்விட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். ‘மரமில்லாத மணலைக் காத்து என்ன லாபம்? நிலத்தை விற்றுவிடு’ என்று கடிதம் வந்திருக்கிறது. வாங்குகிறவரும் இரண்டு தடவை வந்து அளந்து பார்த்துவிட்டார்.

“மரமெல்லாம் இருக்குதுன்னு எழுதினேன். தோப்பு மேல ஆசையில பொய் சொல்றேன்றாரு. வெள்ளிக்கிழமை கப்பல்ல என் தம்பி சைகோன் போறான். அவன்கிட்ட ஒரு படம் குடுத்தனுப்பணும் மாஸ்டர்.”

“போட்டோ பிடிக்கலாமே?”

“பிடிச்சேன். எல்லாம் கறுப்பா வந்துது. மரம் உசுரோட நிக்குதா, காஞ்சு நிக்குதான்னே தெரியல.”

அந்த வார்த்தையில் என் கலைப் பிரசங்கம் அடங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. எட்டு மரங்களை ஒரு காலை நேரத்தில் சாய்த்தவன் நான்தானே!

வியாழக்கிழமை. தோப்பில் எங்கே உட்கார்ந்தாலும் இருபத்திரண்டும் தெரியவில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டது. கடைசியில் மாரிமுத்து என்ற மீனவரைப் பிடித்தேன்.

“எதிர்த் திட்டுல உக்காந்தா எல்லாம் தெரியும். கட்டுமரத்துல வருவீங்களா?” என்றார். காகிதத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, ஆற்றின் அக்கரையில் உள்ள மணல் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கிருந்து ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நின்றது. என் ஆயுளில் அவ்வளவு கவனமாக எண்ணிக்கொண்டு நான் படம் எழுதியதில்லை. பத்து மணிக்குள் பெரும்பகுதி முடிந்தது. தோப்பின் முன்பக்கம், தண்ணீர் ஓரத்தில், முறிந்த தென்னையின் அடிமரம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதையும் எழுதினேன்.

திரும்பி வந்து காட்டினேன். ஜோசபின் அம்மாள் எண்ணினார், முகம் மலர்ந்தது. அடிமரத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“ஒண்ணு போனத அவருக்கு நான் எழுதவேயில்ல” என்றார்.

“வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஒரு மரம் எழுதிவிடுகிறேன் அம்மா. அரைமணி வேலை.”

“இருபத்திமூணு ஆயிடும்?”

“ஆகிவிடும்.”

தண்ணீர் ஓரத்து அடிமரம்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். வர்ணம் காய்வதற்குள் பதில் சொல்ல வேண்டுமே என்று எனக்குத் தவிப்பு.

“வேணாம் மாஸ்டர். என்னிக்காவது வந்து பாப்பாரு. அப்புறம் நான் சொல்ற எதையும் நம்பமாட்டாரு. அது அப்படியே இருக்கட்டும். நான் அதுமேல உக்காந்துக்கிறேன். என்னையும் எழுதிடுங்க.”

மனிதர்களை எழுதுவதில்லை என்றேன். தலைமையாசிரியர் கதையையும் சொன்னேன். அவர் சிரித்தாரே தவிர, விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. நான் திட்டில், அவர் எதிரே தோப்புக் கரையில், சிவப்புப் புடவையில், அடிமரத்தின் மேல். காகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. காற்று முந்தானையை இழுத்தது. ஒன்றரை மணி நேரம் அவர் அசையவில்லை. இவ்வளவு தூரத்தில் அசைந்தாலும் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படத்தில் அவர் ஓர் அரிசி மணி அளவுதான் வந்தார். மூக்கு விழி வைக்க இடமில்லாததில் எனக்கு நிம்மதி.

பன்னிரண்டு மணி ஆகியும் காகிதம் ஈரம் விடவில்லை. ஜோசபின் அம்மாளே இஸ்திரிப் பெட்டியில் கொஞ்சமாகத் தணல் போட்டு, இரண்டு துணிக்கு நடுவில் படத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். நான் பார்க்கவே பயந்து வெளியே போய்விட்டேன்.

மாலை நாலு மணிக்கு இரும்புப் பாலத்துக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. சலங்கு என்னும் பெரிய படகுகள் ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போயின. மூங்கில் குழாய்க்குள் சுருட்டிய படத்தைத் தம்பியின் கையில் கொடுத்து, “இத மூட்டையில போடாத. மடியிலயே வச்சுக்க” என்று நாலு தடவை சொன்னார். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை பாலத்திலேயே நின்றோம்.

சனிக்கிழமை கூடாரத்தைச் சுருட்டினேன். ரயிலில் எல்லைச் சுங்கக்காரர் என் கட்டைப் பிரித்து, மற்ற நேரங்களில் நான் எழுதியிருந்த ஆறு படங்களையும் புரட்டினார்.

“என்ன சார், பாண்டிச்சேரியில ஆளே இல்லியா?” என்றார்.

படங்களை வாங்கி மறுபடியும் கட்டினேன். திருச்சிக்கு வந்து பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்றபோதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆள் இருந்த ஒரே படம் அப்போது நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது.

சித்திரை கடைசியில் ஜோசபின் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. சைகோனிலிருந்து கணவர் எழுதிய நாலு வரியை அப்படியே பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்:

‘மரங்களை எண்ணினேன். அடிமரத்தோடு கணக்கு சரி. நிலத்தை விற்க வேண்டாம். ஆடியில் வர லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ ஏன் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாய்?’