நான்கு புள்ளி குறைவு

புள்ளி போட்டு மனிதர்களை வரிசைப்படுத்தும் வேலையை, அது எனக்கே நடப்பதற்கு முன்பு, நான் சம்பளம் வாங்கிச் செய்திருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரத்தில் வீடு கட்டிக்கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த வேலை. யாருடைய அத்திவாரத்தை முதலில் வெட்டுவது என்று நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீடு முழுதாகப் போனதா, பாதியா, உழைக்கும் ஆள் உயிரோடு இருக்கிறாரா, கைக்குழந்தை உண்டா, படுக்கையில் யாரும் உண்டா. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதிக் கூட்டுவோம். கூடியவர் முதலில், குறைந்தவர் பிறகு.

முகாமில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், எனக்கு முன்னால அவளுக்கு எப்பிடி வீடு வந்த?"

"அவட கணவர் இல்லையேக்கா. அதுக்குப் புள்ளி கூட."

அவள் தகரக் கொட்டில் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா மனிசன், நீ உசிரோட இருக்கிறதால எனக்கு வீடு பிந்துது."

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வள்ளம் ஒண்டு தரச் சொல்லு. கடலுக்குப் போய் வராம இருக்கிறன்."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போனேன்.

அந்த வேலையில் என்னோடு ஒரு பொறியியலாளர் இருந்தார். பெரியகல்லாற்றுக்காரர். கடல் வந்த காலையில் அவர் தெற்கில் பல்கலைக்கழக விடுதியில் இருந்திருக்கிறார். அவருடைய அம்மா வீட்டில் இருந்திருக்கிறார். இதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. நான் அவரை 'சேர்' என்பேன். அவர் என்னை 'மிஸ்' என்பார். இரண்டு பேருமே வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக அவசரப்படாதவர்கள்.

கல்லடியில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே நோயில் இறந்துவிட்டார். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை மறுபடி தொடங்கி, வாவிக்கு மேற்கே இருந்த சனங்கள் பெட்டி படுக்கையோடு நகரத்துக்கு வந்த காலம் அது. சுனாமிக்குப் போட்ட முகாம்களுக்குப் பக்கத்திலேயே சண்டைக்கும் முகாம் போட்டோம். பொழுது பட்டால் தெருவில் ஆள் இருக்காது. வார இறுதியில் பேசுவதற்கு ஆள் தேடினால், கைபேசியில் இருந்த எண்களில் பாதி செத்த எண்கள், மீதி வெளிநாட்டு எண்கள்.

எங்கள் பகுதிப் பெண்கள் வெளிநாடு போவது புதிதல்ல. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போக ஒரு கடவுச்சீட்டும் ஒரு ஏஜென்சிக்காரனும் போதும். ஆனால் நான் படித்த படிப்போடு போக வேண்டுமென்றால், சில குளிர் நாடுகள் புள்ளி கேட்டன. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை. குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் உள்ளே வரலாம். ஒரு பின்னேரம் அலுவலகக் கணினியில் அவற்றில் ஒரு நாட்டின் அட்டவணையைத் திறந்து, என்னை நானே கூட்டிப் பார்த்தேன்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடியில் என் முகத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்த அட்டவணை என்ன நினைக்கிறது என்று தெரியும். நான்கு புள்ளி குறைவு என்று நினைக்கிறது.

பின்னால் பொறியியலாளர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "எனக்கும் ஒருக்கா பாருங்க, மிஸ்" என்றார். பார்த்தேன். படிப்பில் என்னைவிடக் கூட, அனுபவத்தில் குறைய. அவருக்கு மூன்று போதவில்லை.

அட்டவணையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பிப்பவரின் துணைவர் படித்தவராக இருந்தால் அதற்கும் புள்ளி உண்டு. பட்டதாரி என்றால் நான்கு, டிப்ளோமா என்றால் மூன்று. தனித்தனியே இரண்டு பேரும் தோல்வி. சேர்ந்தால், இருவரில் யார் விண்ணப்பித்தாலும் தேர்ச்சி.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மிஸ், ஒரு வழி இருக்கு."

"தெரியும் சேர். நானும் வாசிச்சனான்."

"புள்ளிக்காகத்தான் கேக்கிறன் எண்டு நினைச்சுப் போடாதீங்க."

"வேற என்னத்துக்கு?"

அவர் யோசித்தார். "மத்தியானம் நீங்க சுவரைப் பாத்துக்கொண்டு தனிய இருந்து சாப்பிடுறீங்க. அதப் பாத்தா எனக்குச் சோறு இறங்குதில்ல."

மறுநாள் முதல் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் நான் அந்த ஊரில் தனியாக இல்லாமல் இருந்த மாதங்கள். பட்டியல் போடுவது என் பழக்கம். அவருக்கும் அது ஒத்துவந்தது. மொழிப் பரீட்சை, பொலிஸ் அறிக்கை, உடற்பரிசோதனை, நிறுவனத்திடம் வாங்க வேண்டிய அனுபவக் கடிதம், பல்கலைக்கழகத்திலிருந்து எடுக்க வேண்டிய பெறுபேறுகள். எது முதலில், எதற்கு எத்தனை மாதம் செல்லும், எது காலாவதியாகும். வயதுப் புள்ளி எப்போது குறையத் தொடங்கும் என்பதைக் கூடக் குறித்து வைத்தோம். ஒன்றையும் விடவில்லை என்று நம்பினோம்.

நாள் பார்த்து, அவர் தன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா இறந்த பிறகு அவருக்குத் தாயாக இருந்தது அந்தப் பெரியம்மாதான். என் அம்மா காலையிலிருந்து சமைத்தார். வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"தம்பிட தாய் கடலோட போனவ எண்டு மகள் சொன்னா. நீங்க கூடப்பிறந்த அக்காவா?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் தங்கச்சி. நாங்க ரெண்டே ரெண்டு பொம்பிளப் புள்ளையள்."

"என்ன குடி?"

பெரியம்மா குடிப் பெயரைச் சொன்னார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மாவின் விரல் நின்றது.

"நாங்களும் அதுதானேகா!"

எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியாக வரும். தாய்க்கு என்ன குடியோ பிள்ளைகளுக்கும் அதுவே. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்பது முதல் கலியாணம் வரை அதில்தான் நிற்கும். ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் எத்தனை ஊர் தள்ளிப் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கை. கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? காலாவதித் திகதி வரை யோசித்த இரண்டு பேர், ஊரில் எந்தக் கிழவியும் முதல் வாயில் கேட்கும் கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் எவரும் அதைக் கேட்பதில்லை. எங்கள் அட்டவணையிலும் அது இல்லை.

நான் பயந்தது சண்டை வருமென்று. வந்தது அதுவல்ல. அந்த இரண்டு பெண்களும் சந்தோஷப்பட்டார்கள். வந்த காரணத்தையே மறந்துபோய், சொந்தம் தேடத் தொடங்கினார்கள். யாருடைய தாய் எந்தப் பக்கம், களுதாவளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒருத்தி யாருக்கு என்ன முறை, எந்த வருடத் திருவிழாவில் யார் யாரைப் பார்த்திருப்பார்கள். ஒரு இடத்தில் நூல் பிடிபட்டது. இரண்டு பேருடைய பாட்டிகளுக்கும் பொதுவான மூதாய் ஒருத்தி இருந்திருக்கிறாள். பெரியம்மா அழ ஆரம்பித்தார்.

"என்ட தங்கச்சி போனதோட எனக்கு ஆருமில்ல எண்டு இருந்தன். இஞ்ச ஒருத்தி இருந்திருக்காளே."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மிக இயல்பாகச் சொன்னார்: "மகள், அண்ணனுக்குச் சோத்தப் போடு."

கை கழுவ என்று பொறியியலாளர் கிணற்றடிக்கு வந்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கலியாணத்தப் பதிஞ்சு முடிக்கலாம். சட்டத்தில ஒண்டும் இல்ல" என்றார்.

"சட்டத்தில ஒண்டும் இல்ல" என்றேன்.

உள்ளே பெரியம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. "சுனாமிக்குப் பிறகு இப்பதான் சிரிக்கிறா" என்றார் அவர். அந்தச் சிரிப்பை யார் போய் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

"சோறு ஆறுது. போங்க" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் எங்களைப் பிரிக்கவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வரத் தொடங்கினார். வரும்போது பொறியியலாளரும் கூட வந்தால், அம்மாவுக்கு முன்னால் என்னைத் 'தங்கச்சி' என்பார். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் மறுபடி சுவரைப் பார்த்த என் பழைய மேசைக்குப் போனேன்.

போர் முடிந்த அன்று நான் பேருந்தில் இருந்தேன். சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் பேருந்தை மறித்து, வெற்றியைக் கொண்டாட எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கினோம். பக்கத்திலிருந்த பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் வரை சாப்பிடாமலே இருந்தார். நானும் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

அதே ஆண்டு நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டு புறப்பட்டது. அதற்குள் பொறியியலாளருக்கு அனுபவப் புள்ளி ஏறியிருந்தது. துணையில்லாமலே தேறினார், அந்த நாட்டுக்குப் போனார். நான் ஒரு வீதி நிர்மாணக் கம்பனியில் சேர்ந்தேன். இன்னும் ஒரு வருட அனுபவம் கிடைத்தால் இரண்டு புள்ளி. மீதி இரண்டை மொழியில்தான் எடுக்க வேண்டும்.

கொழும்பில் மொழிப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதினேன். பேச்சுப் பகுதியில் ஒரு அட்டையைத் தருவார்கள், அதில் உள்ளதைப் பற்றித் தொடர்ந்து பேச வேண்டும். எனக்கு வந்த அட்டையில் 'நீங்கள் பேசி மகிழும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று இருந்தது. யோசிக்கத் தரும் அந்தச் சிறிய அவகாசத்தில் ஆட்களை எண்ணிப் பார்த்தேன். அம்மாவோடு பேசுவது சாமான் விலையும் மழையும். மற்றவர்கள் யார்? எதிரே பரீட்சகர் காத்திருந்தார். இல்லாத ஒரு தோழியை உண்டாக்கினேன். அவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்றேன். பின்னேரங்களில் இருவரும் வாவிக் கரையில் நடப்போம் என்றேன். அவளுக்குச் சத்தமாகச் சிரிக்கும் பழக்கம், எனக்குக் கூச்சமாக இருக்கும் என்றேன். பரீட்சகர் நிறுத்தச் சொன்னபோது எனக்கு இன்னும் சொல்ல இருந்தது. பேச்சில் இரண்டு புள்ளி கூடியது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உடன்பிறந்தவர் அந்த நாட்டில் இருந்தால் ஐந்து புள்ளி என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"போடு மகள், அண்ணன் இருக்கான் எண்டு."

"அது கூடப்பிறந்த அண்ணனுக்கு அம்மா."

"ஒரு தாய் வழியில வந்த புள்ளையள். இதுக்கு மேல என்னகா வேணும் அவங்களுக்கு?"

"பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில ஒரே தாய்ட பேர் இருக்கோணும்."

"அப்ப அவங்களுக்குக் குடி தெரியாதா?"

"தெரியாது."

"குடி தெரியாத ஆக்கள்ட நாட்டுக்கா நீ போறாய்?"

'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். நான்கு புள்ளியைத் தராமல் தடுத்த அந்த உறவுக்கு, ஐந்தைத் தர வழியில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஐந்து இல்லாமலே என் கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தொட்டிருந்தது.

விசா வந்தபோது நான் எதிர்பார்த்தது அழுகை. தனிப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்பார், அதற்குச் சொல்லப் பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அம்மாவுக்குப் பயமே இருக்கவில்லை. சந்தையிலும் கோயிலிலும் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அங்க அவளுக்கு அண்ணன்காரன் இருக்கான்." பெரியம்மா பெரியகல்லாற்றிலிருந்து வந்து இரண்டு நாள் நின்றார். இரண்டு பெண்களும் அடுப்படியில் இருந்து கருவாட்டைப் பொரித்துப் பொதி செய்தார்கள். அரிசி மாவை வறுத்தார்கள். பெட்டியில் பாதி 'அண்ணனுக்கான' சாமான். நிறை கூடியபோது என் புத்தகங்களை நான் வெளியே எடுத்து வைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா அவருக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, தங்கச்சிய உன்ட கையில ஒப்படைக்கிறன்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அம்மாவுக்குத் திருப்தி. தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"எத்தனை மணிக்கு வந்து இறங்குவீங்க?" என்றார் அவர்.

அம்மா பக்கத்தில் இல்லாதபோது அவர் என்னை எதுவும் சொல்லி அழைப்பதில்லை. மிஸ் என்பதும் இல்லை, மற்றதும் இல்லை. நேரத்தைச் சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வெளியில வர முதல் உள்ளேயே நில்லுங்க. கோட் ஒண்டு கொண்டு வாறன். உங்கட அளவு எனக்குத் தெரியாது. பெரிசாத்தான் இருக்கும்."

"பரவாயில்ல."

அவருடைய பக்கத்தில் ஏதோ வாகனம் போனது.

"என்னவாம் அண்ணன்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"குளிருமாம்" என்றேன்.