பன்னிரண்டாவது கூறு

பரளச்சிக்குத் தெற்கே, போர் போட்டால் புகைதான் வரும் என்று படித்தவர்கள் கைவிட்டுப் போன இடத்தில் தண்ணீர் எடுத்தவன் நான். சீமைக்கருவேலைத் தவிர வேறொன்றும் முளைக்காத காட்டில் கரிமூட்டம் போட்டு, மெட்ராஸ் வரைக்கும் லோடு அனுப்பினேன். ஒரு லாரி ஏழு லாரி ஆயிற்று. பந்தல்குடி ரோட்டில் எடைமேடை என்னுடையது. அருப்புக்கோட்டையில் ஒரே பந்தியில் முந்நூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபமும் என்னுடையதுதான். படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. மண்டபம் திறந்த அன்றைக்கு மைக்கைப் பிடித்து, "எனக்கு எவனும் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்ததில்லை" என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ ஒன்று இடித்தது. அதைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வைத்தவள் என் பேத்தி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். வருகிற மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வக் கோயிலில் மாட்டுவதற்காக எங்கள் வம்சம் முழுவதையும் ஒரு மரம் போலப் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு கோடு. போன மாதம் லீவில் வந்தவள், நான் தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்து அவள் அப்பன், "என்னப்பா, செத்தவரு பங்குக்கு வந்தீகளா?" என்று கேட்டதைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அது பழைய கேலி. பந்தி முடிந்த பிறகு எவன் வந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் இலை போடுவோம்.

"தாத்தா, அதுக்கு என்ன அர்த்தம்? எந்தச் செத்தவரு?" என்றாள்.

மூத்த மகன் ஒன்று சொன்னான். திதிக்குப் படைத்ததுதான் கடைசியில் மிஞ்சும், அதனால் வந்த பேச்சு என்று. இளையவன், பாட்டன் காலத்தில் ஒருத்தர் சாப்பிட வந்த இடத்திலேயே செத்துப்போனாராம் என்று அவிழ்த்துவிட்டான். மருமகள் சிரித்துக்கொண்டே, "ஒங்க குடும்பத்துல சோத்தப் பத்தித்தான பேச்சு இருக்கும்" என்றாள். நான் மோரை ஊற்றிப் பிசைந்தேன்.

பேத்தி விடுகிறவளா? பத்திர ஆபீசுக்குப் போய் எங்கள் கரிசல் காட்டின் பழைய நகல் வாங்கி வந்துவிட்டாள். "தாத்தா, நான் கண்டுபிடிச்சிட்டேன். உங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்காரு. காடு ரெண்டு பேரு பேர்லயும் இருந்திருக்கு. அவரு ரங்கூன்ல செத்துப்போயிட்டாரு, வாரிசு இல்ல, அதனால முழுசும் அண்ணனுக்குன்னு எழுதியிருக்கு" என்றாள். படத்திலும் கறுப்புக் கட்டம் போட்டு, 'ரங்கூனில் இறந்தார்' என்று எழுதிவிட்டாள்.

கண்டுபிடித்தாளாம். அந்த மனுஷனை நான் எட்டு வயசிலேயே கண்டுபிடித்தேன். அவரோடு உட்கார்ந்து கறியும் தின்றேன்.

அப்போதெல்லாம் எங்களுக்கு ஆட்டுக்கறி என்பது வருஷத்தில் ஒரு நாள்தான். களரி முடிந்த மறுநாள் காலையில் கிடா வெட்டுவார்கள். கறியைக் கூறு போடுவது என் தாத்தா. பனையோலையை விரித்து, குடும்பத்துக்கு ஒரு கூறு என்று தராசு இல்லாமல் கையாலேயே போடுவார். ஒரு துண்டு கூடக் குறையச் சொல்ல முடியாது. நாங்கள் பதினோரு குடும்பம். ஆனால் ஓலையில் எப்போதும் பன்னிரண்டு கூறு இருக்கும்.

அந்தப் பன்னிரண்டாவது கூறை ஓலைப்பட்டையில் கட்டித் தாத்தாவே தூக்கிக்கொண்டு போவார். கோயில் எல்லையைத் தாண்டி, கண்மாய்க்கரை உடைமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். கேட்டால், "செத்தவரு பங்கு" என்பார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பட்டை காலியாகக் கிடக்கும். பேய் தின்றுவிட்டது என்று எங்களுக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கூறில் என் பங்காக வந்தது ஒரு எலும்பும் கொஞ்சம் சவ்வும். என் சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயசு மூத்தவன், நான் அந்த எலும்பைப் பார்த்த பார்வையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏலே, அம்புட்டு ஆசையா இருந்தா செத்தவரு பங்க எடுத்துத் தின்னு."

"தின்னா?"

"வாயி கோணிக்கிரும்."

"கோணாட்டி என்னலே தருவ?"

"என் கிட்டிப்புள்ள தாரேன். ஆனா நீ போக மாட்ட. நீ வாயிதான்."

அந்தக் கடைசி வார்த்தை போதும் எனக்கு. இன்றைக்கும் போதும். உச்சிவெயிலில் கண்மாய்க் கரைக்குப் போனேன். வெள்ளாடுகள் பத்துப் பன்னிரண்டு உடைமரத்தைச் சுற்றி நெற்றுப் பொறுக்கிக்கொண்டிருந்தன. பட்டை அடிமரத்தில் சாய்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தூக்கினேன்.

"தூக்குறதுதான் தூக்குற, உள்ள ஈரல் கெடக்கான்னு பாரு" என்றது ஒரு குரல்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர். கையில் துறட்டிக் கம்பு, தலையில் அழுக்குத் துண்டு. ஓடத்தான் நினைத்தேன். ஆனாலும் பட்டையைப் பிரித்துப் பார்த்தேன், கேட்டுவிட்டார் அல்லவா?

"ஈரல் இல்ல" என்றேன்.

"இருக்காது. அவரு வைக்க மாட்டாரு."

"நீங்க பேயா?"

"அப்படித்தான் பேசிக்கிறாகளா?" துறட்டியை மரத்தில் சாய்த்தார். "காலப் பாத்துக்கோ. தரையிலதான நிக்குது."

பார்த்தேன். தரையில்தான் நின்றது. வெடித்துப்போன பாதம், கட்டைவிரலில் நகம் இல்லை. பேய்க்கு நகம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார். மடியிலிருந்து உப்பை எடுத்துக் கறியில் பிசறி, ஈர்க்கில் குத்தி வாட்டினார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே இருக்கு" என்றார்.

"எங்க தாத்தாவத் தெரியுமா?"

"தெரியும். முழங்கால் வலி இன்னும் இருக்கா?"

"இருக்கு. வெளக்கெண்ண தேச்சுவிடச் சொல்லுவாக."

"அது ரெட்டைப்பனையிலேருந்து விழுந்த காலு. மேல ஏறாதேன்னு சொல்லச் சொல்ல ஏறுன காலு." ஈர்க்கைத் திருப்பினார். "அந்தப் பனை நிக்குதா?"

"நிக்குது. அது எங்க பனை" என்றேன். சொத்தைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்க அப்போதே எனக்குத் தெரியாது. "காடும் எங்க காடுதான். நான் பெரியவனானா எனக்குத்தான்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு."

கறியிலிருந்து நெய் சொட்டித் தீ சடசடத்தது. அவர் ஆடுகள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டி அதன் தாயிடம் முட்டிக் குடித்தது. அது குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்தார்.

"ஆமா" என்றார். "ஒன் பனைதான். ஒன் காடுதான். நல்லா வச்சுக்கோ."

சொல்லிவிட்டு இருந்ததிலேயே பெரிய துண்டை எனக்குக் கொடுத்தார். எலும்பைக் கல்லில் மூன்று தட்டுத் தட்டி உள்ளே இருந்ததை உறிஞ்சினார். என் தாத்தாவும் அதே மாதிரி மூன்று தட்டுத்தான் தட்டுவார். களரிக்கறி தின்கிற முறை அதுதான் போல என்று நினைத்து நானும் மூன்று தட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாய் கோணாமல் திரும்பிவந்தேன். கிட்டிப்புள்ளை வாங்கிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, பேயோடு கறி தின்றதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பந்தியே சிரித்தது. "அப்ப நீதான்டா செத்தவரு பங்குக்குப் போனவன்" என்றார் சித்தப்பா. அந்தக் கேலி பிறந்தது அன்றைக்குத்தான். ஆரம்பித்துவைத்தவன் நான்தான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன கேட்டான்?" என்றார்.

சொன்னேன். முழங்காலைச் சொன்னேன், பனையைச் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"ஆமா, ஒன் பனைதான், ஒன் காடுதான், நல்லா வச்சுக்கோன்னாரு."

தாத்தா இலையை மடக்கினார். அதில் சோறும் கறியும் அப்படியே இருந்தன. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாங்களும் வயிறுதான் என்று நினைத்தோம்.

மறுவருஷம் கூறு போடும்போது, கிடாயின் ஈரல் முழுவதையும் தாத்தா அந்தப் பன்னிரண்டாவது கூறில் வைத்தார். பதினோரு குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. நம் வாயால் அல்லவா ஈரல் போயிற்று என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினேன். மூன்று வருஷம் அப்படியே வைத்தார். நாலாம் வருஷம் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது, காக்காய் கொத்திக்கொண்டிருந்தது. தாத்தா கரையிலேயே ரொம்ப நேரம் நின்றார். ஐந்தாம் வருஷத்திலிருந்து கூறு பதினொன்று. எங்கள் வீட்டுக் கூறு ஒரு சுற்றுப் பெரிதாயிற்று. நான் சந்தோஷப்பட்டேன்.

மீதிக் கதையை என் அப்பா சொன்னது பல வருஷம் கழித்து, முதல் லாரி வாங்குவதற்காக அந்தக் காட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்தபோது. ரங்கூனில் சண்டை வந்து ஆட்கள் நடந்தே ஊர் திரும்பிய காலத்தில், தாத்தாவின் தம்பி அங்கேயே செத்துப்போனார் என்று எவனோ வந்து சொல்லியிருக்கிறான். வைக்கோலில் உருவம் செய்து எரித்துக் கருமாதியும் முடித்துவிட்டார்கள். பத்திரத்தையும் மாற்றியாயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் வந்து வாசலில் நின்றிருக்கிறார். கருமாதி முடிந்தவன் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் நரிக்குடிப் பக்கம் போய், கூலிக்கு ஆடு மேய்த்து மிச்ச நாளைக் கழித்திருக்கிறார்.

"பரிகாரம் இல்லையாப்பா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. மஞ்சத்தண்ணி ஊத்தி, தொட்டில்ல போட்டு ஆட்டி, பொறந்த புள்ளைக்கு மாதிரி புதுசாப் பேரு வச்சா உள்ள வந்திரலாம்னு பூசாரியே சொன்னாரு. ஒரு பொழுது வேல."

"பெறகு ஏன் செய்யல?"

"செஞ்சா காட்டுல பாதி" என்றார் அப்பா.

கேட்டுவிட்டுத்தான் விற்றேன். வாங்கினவர் ரெட்டைப்பனையை வெட்டி விட்டத்துக்குப் போட்டார். நல்லா வச்சுக்கோ என்று சொன்னவரின் காட்டை நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீணாக்கவும் இல்லை. ஏழு லாரியும் எடைமேடையும் மண்டபமும் அந்தக் கரிசலில் முளைத்தவைதான். மைக்கில் நான் சொன்னது பொய். ஒரு பிடி மண் கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

அதனால் பேத்தி, படத்தைத் திருத்து. முதலில் அந்தக் கறுப்பை எடு. அவர் ரங்கூனில் சாகவில்லை. நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டு இருந்தார் என்று எழுது. தம்பிக்கும் அண்ணன் பேரனுக்கும் நேராகக் கோடு போடக் கம்ப்யூட்டர் விடாது என்கிறாய். விடாவிட்டால் பேனாவால் போடு. என் தாத்தா அந்தக் காட்டை எடுத்துக்கொண்டார். என் அப்பாவுக்கு அது தானாக வந்தது. அவராகக் கொடுத்தது எனக்கு மட்டும்தான். எட்டு வயசில், உப்புப் போட்ட கறியோடு சேர்த்து. கொடுக்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, பெரிய துண்டு எனக்குக் கிடைத்தது என்பதுதான் தெரியும். என்றாலும் வாங்கினவன் நான். பக்கத்தில் வேறு எவனும் இல்லை. அதை என் பெயரோடு எழுது.