பெரிய வெள்ளியின் முதல் சுரம்

பெரிய வெள்ளியன்று எங்கள் ஆலயத்தில் கீபோர்டைத் துணியால் மூடிவிடுவார்கள். அன்று பாடும் பழைய ஞானப்பாட்டு, வாத்தியத் துணையின்றி நான்கு குரல்களுக்கென்றே அமைக்கப்பட்டது. ஒருவர் முதல் சுரத்தை மெல்ல முனகிக் கொடுப்பார். மற்றவர்கள் அதிலிருந்து தத்தம் சுரத்தைக் கண்டுகொள்வார்கள். பள்ளி நாளிலிருந்து அந்த முனகல் என்னுடையது. அதிகம் பேசாத எனக்குச் சபையில் இருந்த ஒரே அடையாளம் அது.

சென்ற ஆண்டு அது ஒரு புதியவளுக்குப் போயிற்று. தந்தைக்கு அரக்கோணம் ரயில்வேக்கு மாற்றலாகி, திருத்தணியில் வீடெடுத்த குடும்பத்துப் பெண்; பள்ளி மாணவி. ஒத்திகையில் எந்தச் சுரத்தைக் கேட்டாலும் யோசியாமல் பாடினாள். பாடகர் குழுவை நடத்தும் சார் கீபோர்டில் தட்டிப் பார்த்தார். சரியாகவே இருந்தது.

"இந்த வாட்டி பாப்பா குடுக்கட்டும்மா. நீ ஆல்டோவுல கெட்டியா நின்னுகினு பாடு," என்றார் என்னிடம்.

"ஆங் சார்," என்றேன். ஆல்டோ என்பது பெண்குரல்களில் தாழ்ந்த வரிசை.

கல்லூரிக்குப் போகும் ரயிலில், புத்தகம் மடியில் திறந்திருக்க, அவள் தடுமாற வேண்டுமென்று விரும்பியபடியே அந்த வாரம் சென்றுவந்தேன்.

பெரிய வெள்ளியன்று, மலைக்கோயில் ஒலிபெருக்கி எங்கள் சுருதியை இழுத்துவிடாதிருக்க வழக்கம்போல் ஜன்னல்களைச் சாத்தினோம். அவள் முனகினாள், தொடங்கினோம். பாதிப் பாட்டுக்குள் எங்கள் குழு அரைச் சுரம் இறங்கிவிடும். சேர்ந்தே இறங்குவதால் யாருக்கும் தெரியாது; முதல் சுரத்தைக் காதில் வைத்திருந்து பழகிய எனக்குத் தெரியும். அன்றும் இறங்கினோம். அவள் இறங்கவில்லை. அவள் குரல் மட்டும் தனியே உரசியது. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசிச் சரணத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, சேரவே இல்லியே," என்றார் சார் வாசலில். பிறகு என்னிடம், "அடுத்த வருஷம் நீயே குடுத்துடும்மா."

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"அக்கா, நான் எறங்கலை. நீங்கல்லாம்தான் எறங்குனீங்க. இல்ல?"

ஒரு சொல்லில் மறுத்திருக்கலாம். பிழையைச் சரியென்று விட்டுவைப்பது என் இயல்பில் இல்லை. சாரிடம் போய்ச் சொன்னேன்.

"அத்தினி பேரும் தப்பு, அது ஒண்ணுதான் ரைட்டா?" என்று சிரித்தார்.

"ஆமா சார். நானும் எறங்கிட்டேன்."

சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்ப அதுவே குடுக்கட்டும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நன்றி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆண்டும் அவளே கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்று, அந்தச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள முயன்றேன். பாதிப் பாட்டில் மற்றவர்களோடு நானும் இறங்கினேன்.