மணம் போன தண்ணீர்

சண்டையால் குழாய்த் தண்ணீர் நின்றுபோன காலத்தில், திருகோணமலையில் ஒரு ஆஸ்பத்திரியின் மகப்பேற்று வாட்டில் நான் சிற்றூழியராக இருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் அந்த வாட்டின் தண்ணீர் என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு.

முற்றத்தில் தண்ணீர் பிடித்துவைக்க இரண்டு பெரிய பரல்கள். காலையில் பவுசர் என்கிற தண்ணீர் வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அதை ஓட்டி வந்தவர் குறிஞ்சாக்கேணிக்காரர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். கிருமி சாகக் குளோரின் தூள் கலந்து கொண்டுவருவதும் அவர் வேலைதான்.

அந்தத் தூள் மணம் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பிடிக்கவில்லை. கொதிக்கவைத்துக் கொடுக்கலாம் என்றால், குசினியில் காலைத் தேத்தண்ணீருக்கு மட்டும்தான் விறகு இருந்தது. பச்சை உடம்போடு அவர்கள் தாகத்தில் கிடக்க எனக்கு மனம் கேட்கவில்லை. பவுசர் போனதும் பரல்களின் மூடிகளைக் கழற்றி, அவற்றின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, வெயில் பட விட்டேன். மத்தியானத்துக்குள் மணம் போய்விட்டது. எல்லாரும் குடித்தார்கள். அக்காவின் கைபட்டால் தண்ணீரும் இனிக்கும் என்றார்கள். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது.

பத்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் பரல் தண்ணீரை எடுத்து மருந்துத் துளி விட்டார். தூள் இருந்தால் மஞ்சளாக வேண்டும். நிறம் மாறவில்லை. மற்றப் பரலும் அப்படித்தான். பவுசர்காரன் தூள் போடாமல் ஏமாற்றுகிறான், அவனை நிற்பாட்டச் சொல்லி எழுதுகிறேன் என்று தாதியிடம் சொன்னார்.

நானாவின் தொழில் மீன்பிடி; கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்கள் அவை. இந்த ஓட்டமும் போனால் நானாவின் வீட்டில் அடுப்பு எரியாது. காலையில் அவர் தண்ணீர் விடும்போது மூக்கில் அடிக்கும் மணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் எழும்பவில்லை. இத்தனை நாளும் புகழ்ந்த பெண்கள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் பேனையைத் திறந்த பிறகுதான் சொன்னேன்.

"ஐயா, அந்த மனுசன்ர பிழையில்லை. மூடியைத் திறந்துவிட்டது நான்தான்."

"ஏன் திறந்தனீங்கள்?"

"மணக்குதெண்டு பிள்ளையள் குடிக்கமாட்டம் எண்டுதுகள்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மணத்தோடு மருந்தும் போய்விடும், பிறகு கிருமி விழுந்தால் நேரே வயிற்றுக்குள்தான் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தன்னிடம் இருந்த தூளை அளந்து கலக்கி, அரை மணித்தியாலம் காத்திருந்து, மஞ்சள் வந்த பிறகுதான் போனார். எழுத எடுத்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் நானாவிடம் நானே சொன்னேன்.

"என்னக் கள்ளனாக்கப் பாத்தீங்களே, புள்ள," என்றார் பவுசர் குழாயைப் பிடித்தபடி.

"ஓம் நானா."

அவர் சிரித்தார். பரல் நிரம்பியதும் மூடியைத் தானே அழுத்தி மூடினார்.

நான் ஒரு கோப்பை அள்ளிக்கொண்டு வாட்டுக்குள் போய், நடந்ததைச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் குடித்தேன். மணந்ததுதான். ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு கோப்பைக்குக் கை நீட்டினாள்.