கோமதி அக்கா திட்டாத மழைநாள்

லைன்மேனாக நான் வாங்கிய திட்டுகளைச் செங்கலாக அடுக்கியிருந்தால் சங்கரன்கோவிலில் மாடி வீடே கட்டியிருக்கலாம். அதில் மொட்டைமாடி வரைக்கும் கோமதி அக்கா உபயம். எனக்கு மூத்தவர். ஓடைக்கரைத் தெருவின் கடைசி வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். கரண்ட் போய்த் தறி நின்றால் அடுத்த நிமிஷம் போன் வரும்: "ஏலே, கரண்ட வித்துத் தின்னுட்டியா?" என் போனில் அவர் பெயர் 'இடி'.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய ஐப்பசியில் அடைமழை. எச்சரிக்கை வந்து, நகராட்சி ஆட்டோ மைக்கைக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவைச் சுற்றியது. குளம் நிரம்பிவிட்டது, ஓடையில் வெள்ளம் வரும், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கத்தியது. யார் காதில் விழும்? வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது. அங்கே புருஷன் பொண்டாட்டி சண்டையே ஜாடையில்தான் நடக்கும்.

எங்கள் ஏ.இ., அதாவது உதவி இன்ஜினியர், போன் போட்டார். சின்ன வயசுக்காரர். "அண்ணாச்சி, தண்ணி ஏறுது. ஓடைக்கரை டிரான்ஸ்பார்மர ஆஃப் பண்ணிருங்க."

"சார், அப்புறம் என்னைய ஆஃப் பண்ணிருவாங்க."

"மழைக்கோட்டு போட்டுட்டுப் போங்க. அடையாளம் தெரியாது."

அந்தக் கோட்டின் பட்டன் என் தொப்பையைத் தாண்டிப் பூட்டாது. அதுதான் ஊருக்கே என் அடையாளம். போய் டிரான்ஸ்பார்மர் கம்பத்துக் கைப்பிடியை இழுத்தேன். தறிகள் மொத்தமாக நின்றன. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"என்னவே, இந்த மழைக்கே கரண்ட நிறுத்துதீரு?"

"சேலை பாதியில நிக்கி! போடும்வே சுவிட்ச!"

நான் வாயைத் திறப்பதற்குள் மைக் முந்திக்கொண்டது. அன்றைக்கு முதல் முறையாக அது பேசுவது அவர்களுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தெருமுனையில் தண்ணீர். என்னைத் திட்டிக்கொண்டே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிய பிறகும் எனக்கு ஏதோ குறைந்தது, உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி. போனை எடுத்துப் பார்த்தேன். 'இடி' கூப்பிடவே இல்லை.

அக்காவின் பக்கத்து வீட்டு முருகனைக் கேட்டேன். "உம்மகிட்ட சண்டை போட முதல் ஆளா வந்திருக்கும்னுல்லா நெனச்சேன், அண்ணாச்சி!" என்றான்.

இரண்டு பேரும் ஓடினோம். நான் ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு. தெருவில் முழங்கால் தண்ணீர். தறிக்கூடத்தில் அக்கா தரையில் கிடந்தார், தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு. நூல் நனையக்கூடாதென்று பாவு நூல் சுற்றிய பீமை, அந்தக் கனத்த இரும்பு உருளையை, தனியாக மேலே ஏற்றப் பார்த்திருக்கிறார். அது நழுவிக் காலை அமுக்கிவிட்டது. போன் தண்ணீருக்குள்.

பீமைத் தூக்கும் வரைக்கும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. காலை வெளியே இழுத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, கரண்ட எவன்ல நிறுத்தச் சொன்னான்?"

அப்பாடா என்று இருந்தது. முருகன் அவரைத் தூக்கிக்கொண்டான். பள்ளிக்கூடம் வரைக்கும் திட்டு நிற்கவில்லை. நானும் அனுபவித்துக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, போனில் திட்டுகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் சுகமாக இருக்கிறார்கள். எப்போதும் திட்டுகிற ஆள் மழைநாளில் சும்மா இருந்தால், உடனே போய்ப் பாருங்கள்.

கரண்ட் போனால் 'இடி' இன்னும் எனக்குத்தான் அடிக்கிறது. "அக்கா, நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்றேன் ஒருநாள்.

"அதுக்கு நான் என்னல செய்ய? நான் இன்னும் ஆவலியே!"