கடனாளி சீனித்தம்பி

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் சீட்டுப் பிடிக்காத கட்டடம் இல்லை. பத்துப் பேர் மாதாமாதம் கட்ட, மாதம் ஒருவர் முழுவதையும் எடுப்பார். சீட்டு முறிந்த பிறகும் நிமிர்ந்து நடந்தவர் எனக்குத் தெரிந்து தவமணி அக்கா ஒருவர்தான். அவர் பிடித்த சீட்டில் முதலாவதை எடுத்த வாகீசன், சத்தம்போடாமல் இலண்டனுக்குப் பறந்துவிட்டான். அக்கா பகலில் பேக்கரி, மாலையில் கந்தோர்க் கட்டடங்களில் துப்புரவு என்று ஓடி மற்றவர்களின் பங்கைக் கட்டினார். வீடு வாங்கச் சேர்த்த டவுன்பேமன்ட் அதிலேயே கரைந்தது.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா?" என்று கேட்டேன்.

"என்னை நம்பித்தானே தந்தவை" என்றார்.

என் தொணதொணப்புத் தாங்காமல்தான் நீதிமன்றம் போனார். அவன் பதில் போடவில்லை. பணத்தைக் கட்டும்படி உத்தரவு வந்தது. இனி அதை இலண்டனில் பதிந்து அவன் வீட்டுக்கு அனுப்பவேண்டும். லோயர் தயாரித்த கடிதத்தை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"கடனாளியான மிஸ்டர் சீனித்தம்பி..."

"நிப்பாட்டும். ஆர் கடனாளி?"

சீனித்தம்பி வாகீசனின் தகப்பன். ஊரில் அக்காவின் அயல்வீட்டுக்காரர். இந்த நாட்டில் தகப்பன் பெயர்தான் கடைசிப் பெயர், அதைச் சொல்லித்தான் ஆளைக் குறிப்பார்கள் என்று விளக்கினேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"ஒருத்தருக்கும் ஒரு சதம் பாக்கி வைக்காமல் செத்த மனுசன். மகன் செய்ததுக்கு அவரைக் கோட்டில ஏத்துறதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவருக்கெல்லாம் பாவம் பார்த்தால் இருப்பவர் வீடு வாங்குவது எப்போது?

"அனுப்ப முதல் அவனோட ஒருக்காக் கதைக்கிறன்" என்று போனைச் சுழற்றினார். எடுத்தது வாகீசனின் தாய்.

"ஓம் மாமி, தவமணிதான்... எல்லாரும் சுகம்... இல்லை மாமி, சும்மாதான் எடுத்தனான்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாமிக்கு ஒண்டும் தெரியாது. இங்கிலீசில அவ வாசிக்கிறது ஒரேயொரு பேர்தானாம், புருசன்ர பேர். அந்தப் பேருக்கு வாற கடிதமெல்லாம் தான்தான் உடைக்கிறதெண்டு பெருமையாச் சொல்லுறா. இதை நான் எப்பிடி அனுப்ப?"

அனுப்பவில்லை. மறுநாள் வாகீசனே அக்காவுக்குப் போன் எடுத்தான். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டானாம்.

"மாமி சிரிச்சுக் கதைச்சவ தம்பி. எனக்கு வாய் வரேல்லை" என்றாராம் அக்கா. உத்தரவில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறார். அவன் அழுதானாம்.

"அழுகை காசாகுமோ?" என்றேன் நான். ஆயிற்று. மாதாமாதம் வந்து, இரண்டு வருடத்தில் முழுவதும் தீர்ந்தது.

தீர்ந்த கையோடு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார், அதைப் பதிவதற்கு. கவுண்டரில் இருந்த பெண் முத்திரையைக் குத்திவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "மிஸ்டர் சீனித்தம்பி இனி யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து மறித்தார்.

"விளங்கிட்டுது" என்றார். "அவவை இன்னொருக்காச் சொல்லச் சொல்லும்."