டெனர் வரிசையில் ஒரு பெண்

புதுப்பட்டி அத்தை போனில் கேட்டாள்: "ஏலே சாமு, ஒங்க அக்காட்ட போனக் குடு."

சாமு என் தம்பி. அன்று அவன் வீட்டிலேயே இல்லை. பேசியது நான். ஜலதோஷம் என்று சிரித்து மழுப்பினேன்.

மாதவிடாய் நின்று நான்கு மாதம் ஆகியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தாடையில் முடி முளைத்திருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நான் சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்). ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் என் குரல் கீழே விழுந்தது. பிறகு ஏறவே இல்லை.

நான் பளு தூக்குகிறவள். இதைப் படிக்கும் தங்கையே, நீயும் அப்படித்தான் என்றால் 'ஏன் ஊசி போட்டாய்' என்று உன்னையும் கேட்பார்கள். என் பதில் இது. மாநிலப் போட்டியில் மூன்று முறை நான்காம் இடம். நான்காவதாக வந்தவளுக்கு மேடையிலும் இடமில்லை, போலீஸ் வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இல்லை. வயது வரம்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போது தோள்பட்டைத் தசை கிழிந்தது. ஆறுவதற்கு மூன்று மாதம் வேண்டும். அந்த மூன்று மாதத்தை யாரும் தரவில்லை. பயிற்சியாளர் ஊசியைத் தந்தார்.

"சத்து ஊசிதாம்மா, எல்லாரும் போடுறதுதான்" என்றார். தருவதற்கு முன் குப்பியின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதிக்க மாட்டேன். சத்து மருந்தின் பெயரை யாரும் சுரண்ட மாட்டார்கள். தெரிந்தேதான் போட்டுக்கொண்டேன். பேராசை என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். நான்காவதாக வந்தவளை ஒருமுறையாவது ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் மருத்துவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். அனபாலிக் ஸ்டீராய்டு (ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்து தசையை வளர்க்கும் மருந்து) என்றார்.

"ஈரல் வீங்கியிருக்கு. ஊசிய நிறுத்தினா தேறிரும். பீரியட்ஸும் வரும்."

"குரல், டாக்டர்?"

"குரல்நாண் (தொண்டையில் அதிர்ந்து குரல் எழுப்பும் மடிப்பு) தடிச்சிருச்சும்மா. பழைய குரல் வராது."

கூட வந்திருந்த அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறவள். திரும்பி வரும் பேருந்தில் என் காதோடு சொன்னாள்: "தைராய்டுன்னு சொல்லிக்கிடுவோம் ஏட்டி. கேக்கிறவிய கேட்டுட்டுப் போகட்டும்."

சொன்னபடியே பாடகர் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர். "கொஞ்ச நாள் கீழ உக்காந்துக்கம்மா, சரியான பொறவு வரலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தைராய்டு இல்ல அண்ணாச்சி, ஊசி. நானே போட்டுக்கிட்டது. இது சரியாகாது. கீழயும் உக்கார மாட்டேன். டெனர்ல ஆள் கொறையுதுன்னு சொன்னீயல்லா?"

டெனர் என்பது ஆண்களின் மேல்குரல். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். கடைசி வரிசையில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தோடு நகர்ந்து இடம் விட்டார். நான் போய் நின்றேன். அன்று பாதிப் பாட்டு தப்பாகத்தான் பாடினேன்.

ஊசியை நிறுத்திய ஏழாம் மாதம் மாதவிடாய் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஈரலும் தேறிவிட்டது. தாடை முடியும் இந்தக் குரலும் மட்டும் இருக்கின்றன. முன்பு போட்டித் தேதியிலிருந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணுவேன். வயது வரம்பு தாண்டிவிட்டது, இனி எண்ண எதுவுமில்லை. பளுவை இன்னும் விடவில்லை. தோள் போதும் என்றால் கம்பியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

போன வாரம் புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பயிற்சியாளர்.

"தம்பி, ஜெபா இருக்காளா? புதுசா ரெண்டு பிள்ளைக வந்திருக்கு. செத்த வந்து பழக்கிவிடச் சொல்லணும்."

"நாந்தான் சார் பேசுதேன். நீங்க குடுத்த குரல் ஒங்களுக்கே தெரியலயா? வாரேன். அந்தப் பிள்ளைக இந்தக் குரலக் கேக்கட்டும்."

அவர் வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை. எனக்கு இப்போது அவசரமில்லை.